வில்பத்துவில் ஒரு நாள்: கமராவோடு முதல் முறை போகிறவர்களுக்கு

இலங்கையின் வில்பத்து தேசிய பூங்காவுக்கு முதல் முறை போகிறவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் எந்த லென்ஸ் நல்லது என்றுதான். அதைப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. ஜீப்பில் ஏறுமுன்பே சாரதியோடு கதைத்து, "நாங்கள் ஓடித் திரிய வரவில்லை, நின்று பார்க்க வந்திருக்கிறோம்" என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

என்னுடைய முதல் பயணத்தில் இதைச் சொல்லாமல் விட்டேன். காலை எட்டு மணிபோல சாரதிக்கு ஒரு அழைப்பு வந்தது. எங்கேயோ சிறுத்தை நிற்கிறதாம். முக்கால் மணி நேரம் குலுங்கிக் குலுங்கி ஓடினோம். போய்ச் சேர்ந்தபோது பதினைந்து ஜீப் வரிசையாக நின்றது. சிறுத்தை காட்டுக்குள் இறங்கி அரை மணி நேரம் ஆகியிருந்தது. அந்த ஓட்டத்தில் வழியில் ஒரு வில்லைக் (காட்டுக்கு நடுவே தண்ணீர் தேங்கி நிற்கும் பள்ளம்) கடந்தோம். ஏழெட்டு மரைகள் (கடமான்கள்) வயிறு நனையத் தண்ணீருக்குள் நின்றது தூசிக்கு ஊடாக ஒரு கணம் தெரிந்தது. நிற்பாட்டச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அப்படி ஒரு காட்சி அதற்குப் பிறகு எனக்குக் கிடைக்கவே இல்லை.

அதனால்தான் சொல்கிறேன், இந்தக் காட்டில் ஓடுகிறவரை விட நிற்கிறவருக்கே கூடுதலாகக் காணக் கிடைக்கும். அதற்குக் காரணம் நிலத்திலேயே இருக்கிறது.

வில்லு என்றால் என்ன

புத்தளத்துக்கும் மன்னாருக்கும் இடையில், சுமார் 1,317 சதுர கிலோமீற்றர் பரந்து கிடக்கும் காடு இது. இலங்கையின் தேசிய பூங்காக்களில் பெரியது. 1938இல் தேசிய பூங்காவாக அறிவித்தார்கள். போர்க்காலத்தில் 1988இல் மூடி, 2003இல் திறந்து, மறுபடியும் மூடி, கடைசியாக 2010இல் திறந்தார்கள்.

இதன் அடர்காட்டுக்கு நடுவே அங்கங்கே திடீரென்று வானம் திறக்கும். மணல் கரையும் புல்வெளியும் சுற்றியிருக்க, நடுவில் ஆழமில்லாத தண்ணீர். அதுதான் வில்லு. குளம் மாதிரி யாரும் அணை கட்டி உண்டாக்கியது இல்லை; மழைத்தண்ணீர் தானாகத் தேங்கும் இயற்கைப் பள்ளம். இடப்பெயர்களைப் பாருங்கள்: மாணிக்கபொல ஊற்று, மதுறு ஓடை, குதிரைமலை. ஊற்றும் ஓடையும் மலையும் நாங்கள் வீட்டில் பேசுகிற சொற்கள். எனக்கு அந்தப் பெயர்ப்பலகைகளைக் காணும்போதெல்லாம் சந்தோஷமாக இருக்கும்.

வடகீழ் மழை ஒக்டோபரில் தொடங்கி வில்லுகளை நிரப்பும். பிறகு தண்ணீர் மெல்ல மெல்ல வற்றி, கரையில் இளம்புல் முளைக்கும். புல்லுக்கு மான் வரும், மானுக்குச் சிறுத்தை வரும். ஜூன் தொடங்கி செப்டெம்பர் வரை காட்டுக்குள் வேறு தண்ணீர் குறைவு என்பதால் எல்லாமே வில்லுக்குத்தான் வந்தாக வேண்டும். நீங்கள் தேடிப் போகத் தேவையில்லை.

எந்த மாதம் போகலாம் என்று கேட்டால் நான் ஜூன் கடைசி அல்லது ஜூலை முதல் பாதி என்பேன். பாலைப்பழக் காலம் அது. வன்னிப் பக்கம் வளர்ந்தவர்களுக்குப் பாலைப்பழத்தை அறிமுகப்படுத்தத் தேவையில்லை; பத்துப் பழம் தின்றால் உதடு இரண்டும் பால் ஒட்டிக் கொள்ளும். கரடிக்கு அது உயிர். மற்றக் காலங்களில் கண்ணில் படாமல் திரியும் கரடி, அந்த நாட்களில் பட்டப்பகலிலும் பாலை மரத்தடியில் நிற்கும், மரத்திலும் ஏறும். பறவைகள்தான் முக்கியம் என்றால் டிசம்பருக்குப் பிறகு போங்கள். வலசை வரும் பறவைகளும் அப்போது நிற்கும்.

போகுமுன் ஏற்பாடு

பிரதான நுழைவாயில் ஹுனுவில்கமவில் இருக்கிறது. புத்தளம் – அனுராதபுரம் வீதியில் நொச்சியாகமவுக்கு மேற்கே வில்பத்துச் சந்தியில் திரும்ப வேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்தோ கொழும்பிலிருந்தோ அன்றைக்கே வெளிக்கிட்டு விடிய ஆறு மணிக்கு வாசலில் நிற்பது சரிவராது. முதல் நாள் இரவு அந்தச் சந்திப் பக்கமோ அனுராதபுரத்திலோ தங்குங்கள். தங்குமிடக்காரரே ஜீப் ஒழுங்கு செய்து தருவார். வனசீவராசிகள் திணைக்களத்தின் விடுதிகள் காட்டுக்குள்ளேயே இருக்கின்றன. அவற்றுக்கு நன்றாக முன்கூட்டியே பதிய வேண்டும்.

ஜீப் பேசும்போது அரை நாளா முழு நாளா என்று கேட்பார்கள். முழு நாள் எடுங்கள். வாசலில் இருந்து நல்ல தூரம் அடர்காடு. அரை நாளில் உள்ளே போய்த் திரும்பவே நேரம் போய்விடும், நிற்பதற்கு எங்கே நேரம்? ஒரு ஜீப்பில் ஆறு பேர் ஏறலாம்தான். ஆனால் கமராவோடு போகிறவர்கள் மூன்று பேருக்கு மேல் வேண்டாம். ஒருவர் அசைந்தால் மற்றவருடைய படமும் ஆடிப்போகும். நுழைவுச்சீட்டுக் கட்டணம் உள்நாட்டவருக்கும் வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருப்பவருக்கும் வேறு வேறு, வித்தியாசமும் பெரியது. அடையாள அட்டையை மறக்காதீர்கள்.

சாரதிகள் பெரும்பாலும் சிங்களம் பேசுகிறவர்கள். நாலைந்து சொல் தெரிந்திருந்தால் நாள் இலகுவாகப் போகும். "நவத்தன்ன" என்றால் நிறுத்துங்கள். "ஹெமின் யன்ன" என்றால் மெதுவாகப் போங்கள். "பொட்டக் இன்ன" என்றால் கொஞ்சம் இருங்கள். இதைத்தான் நீங்கள் அதிகம் சொல்லப் போகிறீர்கள். கொட்டியா என்று அவர் சொன்னால் சிறுத்தை, வலஹா என்றால் கரடி, அலியா யானை, கோணா மரை. வயதைப் பார்த்து ஐயா (அண்ணன்) என்றோ மல்லி (தம்பி) என்றோ கூப்பிட்டுக் கதையுங்கள். காட்டை உங்களை விட அவருக்குத் தெரியும். நீங்கள் அவசரப்படுத்தாதவர் என்று விளங்கியதும், தனக்குப் பிடித்த வில்லுக்கு அவரே கூட்டிப் போவார்.

பைக்குள் என்ன

லென்ஸுக்கு வருவோம். 100–400 அல்லது 150–600 மில்லிமீற்றர் சூம் லென்ஸ் ஒன்று போதும். வாங்க வசதி இல்லை என்றால் ஒரு நாளுக்கு வாடகைக்கு எடுங்கள். 300 மில்லிமீற்றர் வரை போகிற சாதாரண லென்ஸ் கையில் இருந்தால் அதோடேயே போங்கள். அதனால் சிறுத்தையின் கண்மணி தெரியாது, ஆனால் வில்லும் வானமும் கரையில் மான்கூட்டமும் சேர்ந்த படம் கிடைக்கும். இந்தக் காட்டை அறிந்தவர்களுக்கு அந்தப் படமும் பெறுமதியானதுதான்.

லென்ஸை விட எனக்கு முக்கியம் பயற்றுப் பை. தடித்த துணியில் தலையணை உறை அளவில் பாதி தைத்து, ஒரு பக்கத்துக்கு சிப் வையுங்கள். வெறும் பையாகக் கொண்டுபோய், முதல் நாள் கடையில் இரண்டு கிலோ பயறோ அரிசியோ வாங்கி நிரப்புங்கள். ஜீப்பின் கம்பியில் போட்டு, அதன்மேல் லென்ஸை அமர்த்தினால் ஆடாமல் நிற்கும். முக்காலி ஜீப்புக்குள் விரிக்க இடம் இல்லை, வீணாகச் சுமக்க வேண்டாம். வீடு திரும்பியபின் பயறைச் சமைக்கலாம்.

தூசிதான் பெரிய எதிரி. செம்மண்ணும் மணலும் நாள் முழுக்கப் பறக்கும். கமராவை ஒரு பழைய தலையணை உறைக்குள் போட்டு மடியில் வைத்திருங்கள், காட்டுக்குள் லென்ஸ் மாற்றாதீர்கள். மேலதிக பற்றரி ஒன்று, மெமரி காட் இரண்டு. கிடைத்தால் 8x42 தொலைநோக்கி ஒன்று. முதல் முறை போகிறவருக்குக் கமராவை விடத் தொலைநோக்கி கூடுதலாகக் காட்டும் என்பது என் கருத்து. கைபேசி மட்டும் உள்ளவர்கள் அதன் கமராவைத் தொலைநோக்கியின் கண்ணாடியில் ஒட்டிப் பிடித்து எடுத்துப் பாருங்கள். பழகக் கொஞ்ச நேரம் எடுக்கும், படம் மோசமில்லை.

மங்கலான நிறத்தில் நீண்ட கைச்சட்டை, நாடி வார் உள்ள தொப்பி, ஆளுக்கு மூன்று லீற்றர் தண்ணீர். ட்ரோன் அனுமதி இல்லை.

விடியற்காலை: மண்ணைப் பாருங்கள்

வாசல் ஆறு மணிக்குத் திறக்கும். ஐந்தரைக்கு அங்கே நில்லுங்கள். முதல் ஜீப்புகளில் ஒன்றாக உள்ளே போவதற்கு ஒரு காரணம் உண்டு. இரவில் நடந்ததெல்லாம் வீதி மணலில் எழுதிக் கிடக்கும். பத்து ஜீப் போனபின் ஒன்றும் மிஞ்சாது.

சாரதியிடம் சொல்லி முதல் தடத்தைக் கண்டதும் நிற்பாட்டி, இறங்காமல் மேலிருந்தே பாருங்கள். சிறுத்தையின் தடம் வட்டமாக இருக்கும், நகக்குறி இருக்காது. நடக்கும்போது நகத்தை உள்ளே இழுத்து வைத்துக்கொள்ளும் பிராணி அது. நரியின் தடம் நீளவாக்கு, நகக்குறி குத்தியிருக்கும். கரடியின் பின்னங்கால் ஒரு குட்டி மனிதர் வெறுங்காலோடு நடந்த மாதிரி நீளமாக இருக்கும், முன்னால் நகங்கள் கோடாக விழுந்திருக்கும். பிறகு தடமும் டயர் அடையாளமும் எது மேலே, எது கீழே என்று பாருங்கள். பின்னேரம் ஆறு மணியோடு வாகனங்கள் வெளியேறிவிடும். ஆகவே நேற்றைய டயர் அடையாளத்தை மிதித்துக்கொண்டு தடம் போனால், இரவிலோ விடியப்புறமோ அது அந்த வழியால் போயிருக்கிறது. தடத்தின் விளிம்பு உதிராமல் கூராக நின்றால் இன்னும் கிட்டிய நேரம். தடம் போகும் திசையில் ஜீப்பை மெதுவாக விட்டு, காட்டுக்குள் திரும்புகிற இடத்தில் எஞ்சினை நிறுத்தி, காதைக் கொடுங்கள்.

இந்த நேரத்தில் காட்டுப் பாதையில் வெளிச்சம் மிகக் குறைவு. கமராவில் அப்பச்சரை (லென்ஸில் வெளிச்சம் புகும் துவாரம்) முழுதாகத் திறந்து, ஷட்டரை 1/500 செக்கனில் வைத்து, ஐஎஸ்ஓவை (வெளிச்சத்தை உணரும் அளவு) ஓட்டோவில் விடுங்கள். உச்ச வரம்பு 6400. படத்தில் மணல் மணலாகத் தெரிந்தால் பரவாயில்லை, ஆடிப்போன படத்தைத்தான் ஒன்றும் செய்ய முடியாது. அசையாமல் இருக்கும் பிராணிக்குப் பயற்றுப் பையில் வைத்து 1/200 வரை இறங்கலாம். வெயில் ஏறியபின் பறக்கும் பறவைக்கு 1/2000. ஃபோக்கஸ் புள்ளி ஒன்றை மட்டும் வைத்துக் கண்ணில் போடுங்கள். புதிய கமராக்களில் பிராணியின் கண்ணைத் தானே பிடிக்கும் வசதி உண்டு, அதை வீட்டிலேயே நாயையோ பூனையையோ வைத்துப் பழகிக்கொண்டு போங்கள். காட்டுக்கோழி எல்லாரும் சாதாரணமாகக் கடந்து போகிற பறவை. எங்கள் தீவில் மட்டும் வாழ்கிறது, நாட்டின் தேசியப் பறவையும் அதுதான். விடியலில் சேவல் பாதையோரம் கிண்டிக்கொண்டு நிற்கும்போது அதில் கை பழகுங்கள்.

காட்டின் சத்தம்

சிறுத்தையைக் கண்ணால் தேடுகிறவர்கள் களைத்துப் போவார்கள். அதைக் கண்டுபிடித்துத் தருவது மானும் மரையும் மந்தியும். இலங்கையில் புலியோ சிங்கமோ இல்லை. சிறுத்தைதான் காட்டில் உச்ச வேட்டைப் பிராணி. அதனால் யாருக்கும் ஒளிக்காமல் வீதியிலேயே நடந்து வரும். மற்றவைக்குத்தான் பயம்.

புள்ளிமானின் எச்சரிக்கைக் குரல் கூர்மையாக, உயரமாக, வெட்டி வெட்டி வரும். ஆனால் புள்ளிமான் நரிக்கும் கத்தும், மலைப்பாம்புக்கும் கத்தும். ஒரு தரம் கேட்டு அடங்கினால் நம்பி ஓட வேண்டாம். மந்தி உயரத்திலிருந்து பார்க்கிறது. இருமுவது போலத் தொடர்ந்து குரைத்து, ஒரே பக்கம் பார்த்துக்கொண்டிருந்தால் கவனியுங்கள். மரையின் குரல் பெரிய தகரத்தில் ஓங்கித் தட்டியது மாதிரி. மரை லேசில் வாய் திறக்காது. அது வாலை உயர்த்தி, முன்னங்காலால் நிலத்தில் அடித்து, அந்தக் குரலை எழுப்பினால் அங்கே கிட்டத்தில் சிறுத்தை இருக்கிறது என்று அனுபவக்காரர்கள் நம்புவார்கள். நானும் நம்புகிறேன்.

குரல் ஒரே இடத்தில் நின்றால் சிறுத்தை படுத்திருக்கலாம். குரல் இடம் மாறி மாறிப் போனால் அது நடக்கிறது. அப்போது பின்னால் துரத்தாதீர்கள். அது போகிற போக்கில் எந்த இடத்தில் வீதியைக் கடக்கும் என்று சாரதியிடம் கேட்டு, முன்கூட்டியே அங்கே போய், கடக்கும் வழியை மறிக்காமல் தள்ளி நின்று, எஞ்சினை நிறுத்துங்கள். எஞ்சின் ஓடினால் காதும் கேட்காது, லென்ஸும் அதிரும்.

நான் கண்ட நல்ல சிறுத்தை அப்படித்தான் வந்தது. நாற்பது நிமிடம் ஒன்றுமில்லை. ஒரு மரை இரண்டு தரம் கத்தி ஓய்ந்தது. பிறகு, முழுச் சத்தமும் நின்றுபோன ஒரு நேரத்தில், வீதியோரப் புல்லிலிருந்து முதலில் ஒரு வெள்ளை வந்தது: வால் நுனியின் அடிப்பக்க வெள்ளை. வாலை மேலே வளைத்துத் தூக்கியிருந்தது. அதற்குப் பிறகுதான் உடம்பு எங்கே என்று தெரிந்தது. வீதியைக் கடக்க எட்டு அடி வைத்தது. நான் எடுத்தது பதினொரு படம், அதில் ஒன்பது முதுகு. எல்லாவற்றையும் வைத்திருக்கிறேன்.

சிறுத்தையைக் கண்டால் கத்தக் கூடாது, கை தட்டக் கூடாது, பார்க்க வைப்பதற்காக விசிலடிக்கக் கூடாது. ஃப்ளாஷ் வேண்டவே வேண்டாம். பின்னால் மற்ற ஜீப்புகள் காத்திருந்தால் பத்து நிமிடத்தில் நகர்ந்து இடம் கொடுங்கள்.

மதியம்: ஒரு வில்லில் இருங்கள்

பத்தரை மணிக்கு மேல் பெரும்பாலானோர் திரும்பிவிடுவார்கள். உங்களுடைய நேரம் இனித்தான். நிழலுள்ள கரை ஒன்றைப் பார்த்து ஜீப்பை நிறுத்தி இரண்டு மணி நேரம் இருங்கள். முதல் கால் மணி நேரம் தண்ணீரில் ஒன்றுமே இல்லாத மாதிரித் தெரியும். பிறகு மரக்கட்டை என்று நினைத்தது முதலையாக இருக்கும். வாயைப் பிளந்தபடி அசையாமல் கிடக்கும். உடம்புச் சூட்டைத் தணிக்கிற முறை அது. மஞ்சள் மூக்கு நாரை அலகைத் தண்ணீருக்குள் திறந்து வைத்து நடக்கும், மீன் அலகில் பட்ட கணத்தில் மூடும். அந்தக் கணத்தைப் பிடிக்க ஐம்பது படம் எடுத்தாலும் தப்பில்லை.

வெள்ளைப் பறவையையும் கரடியையும் எடுக்கும்போது கமரா ஏமாறும். கருந்தண்ணீருக்கு முன்னால் வெள்ளைக் கொக்கு நின்றால் வெளிச்ச அளவை முக்கால் படி குறையுங்கள், இல்லாவிட்டால் இறகெல்லாம் வெறும் வெள்ளையாகப் போகும். நிழலில் நிற்கும் கரடிக்கும் குறைக்கத்தான் வேண்டும். கமரா கறுப்பைச் சாம்பலாக்கப் பார்க்கும்.

சோற்றுப் பார்சலை இறங்க அனுமதித்த இடத்தில் மட்டும் பிரியுங்கள். வாழைப்பழத்தைக் குரங்குக்குக் காட்டாதீர்கள். ஒரு முறை யாராவது கொடுத்துவிட்டால் அடுத்த ஜீப்பில் இருக்கிற பிள்ளையின் கையிலிருந்து அது பறிக்கும். வேறெங்கும், ஒரு நிமிடத்துக்கென்றாலும், இறங்க வேண்டாம். சிறுத்தையை விட நான் பயப்படுவது கரடிக்குத்தான். அதற்குக் கண்பார்வை குறைவு. கிட்டத்தில் திடுக்கிட்டால் ஓடாமல் பாய்ந்துவிடும்.

தூரத்தில் ஜீப்புக்குள் இருந்து பார்த்தால் அதைப் போல இனிமையான காட்சி இல்லை. ஒரு ஜூலையில் பாலை மரத்தடியில் ஒன்றைப் பார்த்தோம். விழுந்த பழங்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டு வந்தது, மூக்கில் சருகு ஒட்டியிருந்தது. அதற்கு மேல் முன்பற்களில் நடு இரண்டும் இல்லை. கறையான் புற்றில் வாயை வைத்து உறிஞ்ச அந்த இடைவெளிதான் உதவி. அந்த உறிஞ்சும் சத்தம் எங்களுக்கு முப்பது மீற்றரில் கேட்டது. சாரதி எஞ்சினைத் தொடவே இல்லை. அவருக்கும் அன்றைக்கு வேறெங்கும் போக மனமில்லை.

யானைக்கு மட்டும் இந்த எஞ்சின் விதி வேறு. தனியன் எதிரே வந்தால் சாரதி எஞ்சினை ஓடவிட்டுப் பின்னால் எடுக்கத் தயாராக இருப்பார், அவரை மறிக்காதீர்கள். காதை விரித்து, தும்பிக்கை ஆட்டத்தை நிறுத்தி உங்களையே பார்த்தால், கன்னத்தில் மதநீர் வழிந்திருந்தால், படம் போதும் என்று சொல்லி விலகுங்கள்.

பின்னேரம், வெளியேறுதல்

நாலரை மணிக்கு மேல் வெயில் சாய்ந்து, வில்லின் புல் பொன்னிறமாகும். சூரியனுக்கு எதிர்ப் பக்கத்தை மட்டும் பார்க்காமல், சூரியனை நோக்கியும் எடுத்துப் பாருங்கள். மான்களின் காது மயிர் நெருப்புப் பிடித்த மாதிரி எல்லை கட்டும். பிராணியைப் பெரிதாக்காமல் சுற்றி நிலத்தை விடுங்கள். ஆறு மணிக்கு வாசலைக் கடந்தாக வேண்டும், உள்வில்லுகளிலிருந்து ஐந்து மணிக்கே திரும்பத் தொடங்குங்கள். கடைசி நேரத்தில் வேகமாக ஓடும் ஜீப்பில் நட்சத்திர ஆமைகள் அடிபடுவதுண்டு. அதற்காகவே ஒரு பத்து நிமிடம் முன்னதாக வெளிக்கிடுங்கள்.

அறைக்கு வந்ததும் கமராவைத் துணியால் துடைக்காதீர்கள், மணல் கண்ணாடியைக் கீறும். முதலில் காற்றுப் பம்பால் ஊதி, பிறகு மென்தூரிகை. படங்களை இரண்டு இடத்தில் பிரதி எடுங்கள். குளிக்கும்போது கணுக்காலில் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். படுக்குமுன் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள்: எந்த வில்லு, எத்தனை மணி, எவ்வளவு நேரம் நின்றீர்கள், என்ன வந்தது. சாரதியின் பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் அதே பக்கத்தில் குறியுங்கள். அடுத்த முறை அவரையே கூப்பிட்டு, அந்த வில்லுக்கே போகச் சொல்லலாம்.